சீட்டுக்கு அடியில் ஒரு போர்டு

மார்ச் 4

மூன்றாவது போர்டு வந்துவிட்டது. முதலாவது புகைந்தது. இரண்டாவது உயிரே இல்லாமல் கிடந்தது. மூன்றாவது இன்று மத்தியானம் எங்கள் வாசலில் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் பாதி ஷேவிங்கில், முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பாடா!

எட்டு மாத உழைப்பு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் போர்டு. எலெக்ட்ரிக் பைக்கின் சீட்டுக்கு அடியில் உட்காரும். பூட்டிவிட்டுப் போன வண்டியை யாராவது அசைத்தால் அதிலிருக்கும் சென்சாருக்குத் தெரியும், உடனே சைரன். எங்கள் கம்பெனியில் மொத்தமே பதினோரு பேர். பைக் தயாரிக்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு இதைச் செய்து தருகிறோம். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் இறுதி வரைபடம் அவர்கள் கைக்குப் போயாக வேண்டும்.

சாம்பிளில் ஒன்றைத் தம்பியின் வண்டியில் மாட்டிவிட்டேன். அவனுக்குத்தான் முதலில் வேண்டும். பல் செய்கிற லேபில் வேலை அவனுக்கு. அங்கே செய்த பற்களை ஒரு டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பல் டாக்டராகத் தேடிப்போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது இடத்தில் வண்டியை நிறுத்துகிறான். வண்டி போனால் வேலையும் போச்சு.

சைரன் அலறியபோது அவன் படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அசையவே இல்லை. பிறவியிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவனைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் முப்பத்தொரு வருடப் பழசு. அப்புறம் வழக்கம்போலத் துண்டைச் சுருட்டி அவன் முதுகில் எறிந்து கூப்பிட்டாள். அம்மாவுக்குத் துண்டு. எனக்கு லைட் சுவிட்ச். லைட் இல்லாத இடமென்றால் சுற்றிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்.

மாட்டியதைக் காட்டினேன். போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் விரல் நுனியை ஊதினான். அவன் சைகையில் அதுதான் என் பெயர். பதினாறு வயதில் முதன்முதலாகச் சால்டரிங் செய்தபோது விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதியபடியே வீடெல்லாம் ஓடினேன். பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது வயசுப் பயலுக்கு அது போதாதா? ஆயுசுக்கும் பெயர் வைத்துவிட்டான். இன்றைக்கும் ஊதிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான்.

மனசு நிறைஞ்சு இருக்கு. வேறென்ன எழுத?

மார்ச் 11

லாரி போனால்கூடக் கம்பெனி டெஸ்ட் வண்டியில் சைரன் அடிக்கிறது. காவலாளி முறைக்கிறார். உன் வண்டியில் ஏதாவது தொந்தரவா என்று தம்பியைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றான்.

மார்ச் 13

எவ்வளவு அசைந்தால் அலற வேண்டும் என்கிற அளவைக் கூட்டினால் திருடன் தெரிவதில்லை. குறைத்தால் பூனை ஏறினாலும் அலறுகிறது. நடுவில் ஒரு எண் இருக்கும். இருந்தாகணும்.

மார்ச் 18

வண்டி போச்சு.

எப்படிப் போச்சு என்று எழுதினால்தான் எனக்கு மூச்சு வரும். எழுதுகிறேன்.

பதினோரு மணி. தரைத்தளத்தில் இருக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தம்பி, முதுகு தெருப்பக்கம். கையெழுத்து நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான். வண்டி பத்தடி தூரத்தில். சைரன் அடித்திருக்கிறது. நன்றாக அடித்திருக்கிறது. என் போர்டு ஒரு குறையும் வைக்கவில்லை. தெருவே திரும்பிப் பார்த்திருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரிக் காவலாளியைப் போய்ப் பார்த்தேன். பாவம், அவருக்கே முகம் செத்துப்போயிருந்தது. "ஒரு நிமிஷத்துக்கு மேல கத்துச்சும்மா. உள்ள நின்ன தம்பி திரும்பவே இல்லை. அதனால ஓட்டிட்டுப் போனவருதான் ஓனரு, பூட்டுல ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

நினைக்கத்தானே செய்வார். வண்டிக்குச் சொந்தக்காரன் அசையாமல் நிற்பான் என்று யார் கண்டது?

எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமா எனக்குத் தெரியும். இவனைக் கூப்பிட லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறவ நான். அவனுக்குன்னு பார்த்துப் பார்த்து நான் செஞ்சு மாட்டினது என்ன? சைரன்! வாசல்ல வச்சு அதை அலறவிட்டுட்டு, அவன் முதுகைப் பார்த்துச் சிரிச்சேனே. அப்பவாவது தோணியிருக்க வேண்டாமா? எனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவன்தான் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தான்.

மார்ச் 19

லேபை நடத்துகிற அம்மா வரச்சொன்னார். நானும் கூடப் போனேன். பதினைந்து நாள் பஸ்ஸில் போகட்டும், அதற்குள் வண்டிக்கு வழி பண்ணாவிட்டால் வண்டி வைத்திருக்கிற வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றார். கெட்டவர் இல்லை. ஆறு வருடமாக அவனை வைத்திருக்கிறார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது பல் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாதே.

வீட்டுக்கு வந்ததும் அவனைச் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். அவன் கையால் சொன்னதை என் வாயால் எழுதுகிறேன்.

"ஏன்டா சொல்லல?"

"என்னத்த?"

"இந்தச் சைரன் உனக்குக் கேட்காதுன்னு."

"அது உனக்குத் தெரியாதா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னான். லாரி போனதற்கெல்லாம் சைரன் அடித்து, நான்கு இடத்தில் திட்டு வாங்கியிருக்கிறான். என்னத்துக்குத் திட்டுகிறார்கள் என்றே முதலில் புரியவில்லையாம். ஒரு ஆஸ்பத்திரியில் வண்டியை இனி இங்கே நிறுத்தாதே என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, டப்பாவோடு நடந்து போயிருக்கிறான்.

"அப்பவாவது கழட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அதை மாட்டும்போது பாட்டுப் பாடிக்கிட்டே மாட்டினே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உன் கழுத்தைப் பார்த்தாலே தெரியும். ரொம்ப நாள் கழிச்சு அவ்வளவு சந்தோஷமா இருந்தே. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டேன். அவனிடம் அழுகையை மறைப்பது கஷ்டம். தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான்.

மார்ச் 21

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். இன்று அவர் அறைக்குப் போய் உட்கார்ந்து, வண்டி அசைந்தால் ஓட்டுகிறவரின் பாக்கெட்டில் அதிர்கிற மாதிரி இன்னொரு சின்னப் போர்டு வேண்டும் என்றேன். போனுக்குச் செய்தி அனுப்பினால் போதாதா என்றார். போன் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, முக்கால்வாசி விளம்பரம், தம்பி எடுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டான் என்று சொன்னேன். காது கேட்காதவர்கள் எத்தனை பேர் இந்த பைக் வாங்கப்போகிறார்கள் என்றார். கோபத்தில் எழுந்தேவிட்டேன். மூன்றாவது மாடியில் நிற்கிறவனுக்கும், ஹெல்மெட் போட்டவனுக்கும், கூட்டத்துக்குள் இருக்கிறவனுக்கும் காது கேட்குமா சார் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன் போல. வெளியே எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பார்க்கலாம் என்றார். ஆனால் ஏப்ரல் பத்து தள்ளிப்போகக் கூடாதாம். போர்டு தயாரானால் டெஸ்ட் வண்டியையே தம்பி ஓட்டிப் பார்க்கலாமாம், என் கையெழுத்தில், என் பொறுப்பில். அதையும் எவனாவது கொண்டுபோனால் நான் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான்.

மார்ச் 23

சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள்.

சின்னப் போர்டு இரண்டு விரல் அகலம். ஓரத்தில் ஆன்டெனா. அதைச் சுற்றித் துளிச் செம்பும் இருக்கக் கூடாது, இருந்தால் சிக்னல் செத்துவிடும். நடுவில் பட்டன் அளவு அதிர்வு மோட்டார், அதன் கீழே பேட்டரி. எல்லாவற்றையும் வைத்துவிட்டு டிராக், அதாவது பாகங்களை இணைக்கிற செம்புக் கோடு, போட இடம் தேடினால் ஊசி முனைகூட மிஞ்சவில்லை. ஒரு பாகத்தை நகர்த்தினால் நான்கு பாகம் நகர்கிறது.

தம்பி பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தான். திரையில் ஓடுகிற கோடுகளைக் காட்டி, பஸ் ரூட் மாதிரி இருக்கு, ஏன் இவ்வளவு சுத்திப் போகுது என்று கேட்டான். உன் பஸ் மாதிரியேதான்டா என்றேன்.

மார்ச் 24

போர்டு செய்யக் கொடுத்தாயிற்று. ஐந்து நாள். விரல் நகம் ஒன்றுகூட மிச்சமில்லை.

மார்ச் 29

வந்தது. நேற்று ராத்திரியே சால்டர் பண்ணினேன். முதல் தடவையிலேயே வேலை செய்தது. சைரனை அணைத்துவிட்டு, டெஸ்ட் வண்டியையும் பாக்கெட் போர்டையும் காலையில் தம்பி கையில் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் அறுபத்து மூன்று தடவை அதிர்ந்ததாம். எண்ணியிருக்கிறான்! ஒவ்வொரு தடவையும் படியிறங்கி ஓடி வந்து பார்த்தால், லாரி, காற்று, பக்கத்து வண்டியை எடுத்தவரின் முழங்கை. வெறுத்துப்போய்ப் போர்டைத் தூக்கிப் பல் டப்பாவுக்குள் போட்டுவிட்டான். லேப் அம்மா டப்பாவைத் திறக்கும்போது உள்ளே வரிசையாகப் பல்லெல்லாம் குளிரில் நடுங்குகிற மாதிரி கடகடவென்று ஆடியிருக்கிறது. அவர் மூடியைக் கீழே போட்டுவிட்டாராம். அவன் அதை நடித்துக் காட்டியபோது அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து நாளில் பத்து ஓடிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் மறுபடி அந்த எண்ணைத் தேடிக்கொண்டு மடிக்கணினியோடு வாசலில் உட்கார்ந்தேன். எவ்வளவு அசைந்தால் திருட்டு? தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடிக்கணினியை மூடினான். என்னை இழுத்துக்கொண்டு போய் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவது பண்ணு என்று இன்னொரு கையால் சொன்னான்.

ஹேண்டிலை லேசாக ஆட்டினேன். காற்று என்றான். பூட்டுக்குள் சாவியை விட்டுத் திருகினேன். பூட்டு. அம்மா துடைப்பத்தைச் சாய்த்தாள். ஏதோ ஒண்ணு சாஞ்சிருக்கு, மனுஷங்க கை இல்லை. எதிர்வீட்டுக்காரர், இன்று முழு ஷேவிங்கோடு, தானும் விளையாட்டுக்கு வந்து வண்டியைப் பின்னாலிருந்து அரை அடி தூக்கினார். பட்டென்று கண்ணைத் திறந்து அவர் கையைப் பிடித்துவிட்டான். தெருமுனையில் லாரி வந்தது. அது எங்கள் பக்கம் வருவதற்கு முன்னாலேயே சொன்னான், இது டயரிலிருந்து மேலே வருது, தரையோட ஆட்டம், வண்டியோடது இல்லை.

ஒன்றுகூடத் தப்பவில்லை. எட்டு மாதமாக நான் சென்சாருக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்த பாடம் இவன் உள்ளங்கையில் இருக்கிறது.

கடைசியாகச் சும்மா இருக்க முடியாமல் சீட்டில் தட்டினேன். வேகமாக இரண்டு, விட்டு ஒன்று. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்திருப்போம். காலையில் அவனை எழுப்பக் கட்டில் சட்டத்தில் அப்படித்தான் தட்டுவேன். கண்ணைத் திறக்காமலே என்னைக் காட்டினான்.

"இது நீ."

பிறகு சொன்னான்: "உன் போர்டு ஆமா, இல்லைன்னு ரெண்டே ரெண்டுதான் பேசுது. எனக்கு அது வேண்டாம். வண்டி எப்படி ஆடுதோ அதை அப்படியே என் பாக்கெட்டுக்கு அனுப்பு. திருடனா காத்தான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றேன். போனுக்குத் தினமும் சார்ஜ் போடலையா என்றான். அறுபத்து மூணு தடவை ஓடினியே என்றேன். எது எதுன்னு தெரியாம ஓடினேன், தெரிஞ்சா எதுக்கு ஓடப்போறேன் என்றான்.

இவனுக்காக முடிவு பண்ணிப் பண்ணியே எனக்குப் பழகிவிட்டது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வேலை, எந்த வண்டி, எல்லாம் நான். பாசத்தில்தான். கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பான். அவன் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், நான்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 31

மோட்டாரை ஓடு, நில் என்று மட்டும் சொல்கிற மாதிரி இணைத்திருந்தேன். இப்போது அதற்கு மெதுவாக, வேகமாக, விட்டுவிட்டு, எல்லாம் தெரிய வேண்டும். புது போர்டு செய்ய நாளில்லை. பிளேடால் ஒரு டிராக்கை வெட்டி, தலைமுடி அளவு கம்பியை ஐசி சிப்பின் இன்னொரு காலுக்கு இழுத்து ஒட்டினேன். அசிங்கமாக இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர் இரண்டே மணி நேரத்தில் அவர் பங்கை முடித்துக் கொடுத்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் நல்லா இருக்கட்டும்.

விரலைச் சுட்டுக்கொண்டேன். தம்பி பார்த்துவிட்டான். என் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஏப்ரல் 1

நாள் முழுக்க இரண்டே தடவைதான் இறங்கிப் பார்த்தானாம். இரண்டும், தன் யூகம் சரியா என்று பார்க்கிற ஆசைக்குத்தானாம்.

ஏப்ரல் 2

அதே தரைத்தள ஆஸ்பத்திரி. அதே கண்ணாடிக் கதவு, அதே நோட்டு. தம்பி முதுகைக் காட்டி நின்றிருக்கிறான். ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே வர வழி வேண்டும் என்று காவலாளி வண்டியைப் பின்னாலிருந்து தூக்கி நகர்த்தப் பார்த்திருக்கிறார். தூக்கிய கையை இறக்குவதற்குள் தம்பி அவர் முன்னால் நிற்கிறான்.

அவர் ஆடிப்போய்விட்டாராம். "தம்பி, உங்களுக்குத்தான் காது கேட்காதே?" என்று வாயைத் திறந்தபடியே நின்றாராம். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து வண்டியை நகர்த்தினார்களாம். பழைய வண்டிக்காக அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர்மேல் என்ன தப்பு?

ஏப்ரல் 3

பதினைந்தாம் நாள். லேப் அம்மாவைப் பார்க்க நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அவனே போனான். சாயங்காலம் நாளைக்கான முகவரிச் சீட்டுகளை மேசைமேல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு இடம். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அவன் அடுக்கினது கலைகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தான்.

ஏப்ரல் 9

இறுதி வரைபடம் அனுப்பியாயிற்று, ஒரு நாள் முன்னதாகவே. வெட்டி ஒட்டிய கம்பி இப்போது போர்டிலேயே ஒழுங்கான டிராக். சைரனும் இருக்கிறது. அதை வேண்டும் என்கிறவர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்கிறவர் அணைத்துக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச்.

மேலாளர் முழுசாகப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்கிற முதல் 'சரி'. டெஸ்ட் வண்டியை எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள் என்றும் கேட்டார்.

சோதனை இன்னும் முடியலையே சார். பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 17

தம்பி இன்று சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டான். அவன் மத்தியானம் போகிற ஆஸ்பத்திரிப் பக்கம் எனக்கு வேலை இருந்தது, எடுத்துக்கொண்டு போனேன்.

வண்டி கீழே நிற்கிறது. ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில். அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் ஓரம் அவன் முதுகு தெரிகிறது. வழக்கமாக என்ன செய்வேன்? மூச்சு வாங்க மூன்று மாடி ஏறுவேன், நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு போவேன், அவன் முகத்துக்கு முன்னால் நிற்பேன். போனில் செய்தி அனுப்பலாம்தான். நானும் விளம்பரமும் அவன் பாக்கெட்டில் ஒன்றாகத்தான் அதிர்வோம்.

வண்டி சீட்டில் தட்டினேன். வேகமாக இரண்டு, விட்டு ஒன்று.

முதுகு அசைந்தது. அவன் இன்னும் திரும்பவில்லை, கீழே பார்க்கவில்லை. நோட்டைப் பிடித்திருந்த கை இறங்கியது, மற்றக் கை வாய்க்குப் போனது. விரல் நுனியை ஊதினான். அதற்குப் பிறகுதான் திரும்பி ஜன்னலுக்கு வந்து என்னைத் தேடினான்.

முப்பத்தொரு வருஷம். முதல் தடவையா, லைட் இல்லாம, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். என் பேரைச் சொல்லிக்கிட்டே திரும்பினான்.

ஆமாம், நான்தான் என்று நானும் விரலை ஊதிக் காட்டினேன். கண்ணைத் துடைக்க ஒரு கை, ஊத ஒரு கை, சாப்பாட்டுப் பை கக்கத்தில். பக்கத்தில் நின்ற அந்தக் கட்டடத்துக் காவலாளி பதறிப்போய், "என்னம்மா, விரலைச் சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஆமாண்ணே, இருபத்திரண்டு வருஷம் ஆச்சு என்றேன்.